மக்கட்பற்றும் மனைப்பூசையும்

இல்வாழ்வானுக்குரிய கடன்களுள் விருந்தோம்பலை ஒன்றாகவும், சுற்றந் தழுவலைப் பிறிதொன்றாகவும் ஆன்றோர் பகுத்துரைத்தனர். வேறு மனையும் வேறு ஊரும் உடையராய்த் தனித்து வாழும் மக்கள், தம் சிறு மகவோடு பெற்றோர் மனைக்கு மீண்டு வந்து ஒரு திங்கள், இரு திங்கள் தங்குவராயின், அவரை விருந்தென்று கொள்வதா, சுற்றமென்று கொள்வதா? அவர்பாற் செய்யும் பணி சிவபுண்ணியத்தின்பாற் படுமா, பாசத்தின்பாற் படுமா? மனைப்பூசைக்கும் மகவின் தேவைக்கும் முரண் நேருங்கால் எது முற்படும்? இவ்வினாக்களை ஈண்டுச் சித்தாந்த நெறி நின்று ஆராயப் புகுகின்றோம்.

இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. சென்னையின் வடபால் இராயபுரந் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை அடுத்து நீளும் பகுதி தொழிலாளர் குடிகள் நிறைந்தது. 1856-இல் தென்னாட்டின் முதல் பயணியர் இரயில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்தே. 1948-இல் அசோக் மோட்டார்சு என்னும் பெயரோடு தோன்றிப் பின்னர் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய கழகம் எண்ணூரிலும், 1955-இல் என்பீல்டு ஆலை திருவொற்றியூரிலும் தொழில் தொடங்கின. அவ்வாலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்துக் குடும்பம் நிறுவியோர் பலர் இப்பொழுது முதியராயினர். அவர்தம் மக்கள் கல்வி கற்றுச் சிங்கப்பூரினும் வளைகுடா நாடுகளினும் அமெரிக்காவினும் பணி புரிகின்றனர். ஆண்டுக்கொருகாலோ ஈராண்டுக்கொருகாலோ அவர் வருகின்றனர். மனையோ பெரும்பாலும் இரண்டறை மனை. அதன் ஒரு மூலையிலேதான் பூசைப்பெட்டகமும் அமைந்துள்ளது. சமய தீட்சையோ விசேட தீட்சையோ பெற்று, பூசை முடித்தன்றி உண்ணாத நியமமுடைய பாட்டனும் பாட்டியும் அம்மனையில் உளர். தத்தித் தளர்நடை பயிலும் ஒன்றரை ஆண்டு மகவு அதனுட் புகுகின்றது. கைமணியை எடுக்கின்றது, திருநீற்றுச் சம்புடத்தைக் கவிழ்க்கின்றது, தூண்டிய விளக்கை நாடி ஓடுகின்றது, மந்திர செபத்தினிடையே அழுகின்றது.

முதியோர் உள்ளம் அப்பொழுது இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு போல் ஆகின்றது. எஞ்சிய வாழ்நாள் சிலவே. அவற்றுள் நியமத்தை நெகிழ விட்டால் மீளப் பற்ற வாய்க்குமோ என்பது ஒரு கவலை. மகவின் இப்பருவமும் மீளாது. அடுத்த வரவில் அது வேற்றுமொழி பேசும் சிறுவனாய் நிற்கும் என்பது மற்றொரு கவலை. இரண்டும் இழத்தற்கரியன. ஆதலின் இதனை எளிய இல்லறச் சச்சரவென்று தள்ளுதல் கூடாது.

இனி, இதன்கண் இரு திறத்தார் கொள்கைகளை முதற்கண் எடுத்து ஆராய்வாம்.

ஒரு திறத்தார் கூறுவது: "மக்களும் பேரரும் பாசக் கயிறுகள். முதுமை எய்தியும் அவரைத் தழுவிக் கிடப்போர்க்கு வீடுபேறு சேய்மைக்கண்ணது. நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார், இறைவன் திருவமுதுக்கென்று தாம் சேர்த்து வைத்த நெல்லைப் பஞ்ச காலத்தில் உண்டுவிட்ட சுற்றத்தார் அனைவரையும் வாளால் எறிந்தார். பால் மணம் மாறாத பசுங்குழவியையும் விட்டாரல்லர். ஆதலின் சிவத்துக்கும் சுற்றத்துக்கும் முரண் நேர்ந்தால் சுற்றத்தைத் துறத்தலே சைவம்."

மற்றொரு திறத்தார் கூறுவது: "குழவியும் தெய்வமும் ஒன்று. அதன் மழலையே மந்திரம். அதனை நீராட்டலே அபிடேகம். அதற்கு ஊட்டலே நிவேதனம். அஃது இருக்குங்காறும் வேறு பூசை வேண்டுவதில்லை."

இவ்விரண்டும் சித்தாந்த முடிபு ஆகா. எங்ஙனமெனின், காட்டுதும்.

முதற் கூற்று கோட்புலியார் செய்தியைப் பாதியே கண்டது. அவர் போர்மேற் செல்லுமுன் அந்நெல்லை இறைவற்கென்று தனித்து வகுத்தார். சுற்றத்தார் ஒவ்வொருவர்க்கும் அதனைத் தெரிவித்தார். திருவிரையாக்கலி என்னும் ஆணையும் இட்டுச் சென்றார். அவ்வாணையை அவர் இகந்தனர். ஆதலின் அங்கே முரண் சிவத்துக்கும் சுற்றத்துக்கும் அன்று; வகுத்த பொருளுக்கும் அதனைக் கவர்ந்த செயலுக்குமே ஆம். அவ்வாளாற் பட்டவரும் பாவம் நீங்கி மேலுலகெய்தினர் என்று சேக்கிழார் சுவாமிகள் அருளிய வரலாறு முடிகின்றது. வன்றொண்டு எனப்படும் இத்தகைய செயல்கள், தம் செயலற்று நின்ற பெரியோர்பால் நிகழ்ந்து, இறைவன் வெளிப்பட்டு ஏற்றமையால் தொண்டாயின. அந்நிலை எய்தாதார் அவற்றைத் தம் சினத்துக்குச் சான்றாகக் காட்டுதல் பெருந்தவறு. மகவு கைமணியைத் தொட்டதென்று மருமகளைக் கடிந்துரைப்பவர்பால் விளங்குவது கோட்புலியார் அன்பன்று. தம் ஆணவமே என்க.

அன்றியும், கோட்புலியாரே தம் புதல்வியராகிய சிங்கடியாரையும் வனப்பகையாரையும் தம் மனைக்கு எழுந்தருளிய நம்பியாரூரர் திருமுன் நிறுத்தி, அடிமையாக ஏற்றருளுமாறு வேண்டினார். நம்பியாரூரரோ அவரைத் தம் மக்களாகவே ஏற்று, மடிமீதிருத்தி மகிழ்ந்தார். பிறர் மகவைத் தம் மகவாகத் தழுவும் உள்ளம் அடியார்க்கு இழுக்காயிற்றில்லை. ஆதலின் மகவைத் தழுவுதல் என்னும் செயல் தானே பாசமாகாது. பாசத்தின் வேர் வேறிடத்தது.

இனி, இரண்டாவது கூற்றை நோக்குவாம். அன்பின் மிகுதியாற் கூறும் உபசார மொழியாக அது அமையலாம். கொள்கையாகக் கொள்ளின் வழுவாம். மகவு பசு, அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டது, தன் கன்மத்துக்கேற்ப மாயையினின்று தனு கரண புவன போகங்களைப் பெற்று வந்தது. இறைவன் அவ்வுயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கின்றான். கலப்பினால் ஒன்றெனினும் பொருட்டன்மையால் வேறென்பதை மறந்து, "மகவே சிவம்" என்போர், மகவுக்கும் நலஞ்செய்யார், தமக்கும் நலஞ்செய்யார். தெய்வமாக வைத்த மகவை அவர் திருத்த ஒருப்படார். அதன் பெற்றோர் திருத்தினும் பொறார். அது நோயுறின் தெய்வத்தை வெறுப்பர்; பிரியின் உலகமே இருண்டதென்பர். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. சிவத்தைச் சார்ந்து நின்ற உயிர் அதனை விட்டு மற்றோர் உயிரைச் சாருமாயின், அவ்வுயிரின் நிலையாமையே தன் நிலையாமையாகக் கொண்டு அலைவுறும்.

அற்றேல், மகவின்பால் எழும் அன்பு யாது? அது விலக்கற்பாலதா, கொள்ளற்பாலதா? எனின், கூறுதும்.

அன்பு வேறு, பற்று வேறு. இரண்டும் ஒரே செயலில் விரவி நிற்றலின் பிரித்தறிதல் அரிதாகின்றது. பாட்டி மகவுக்குச் சோறூட்டுகின்றாள். மகவு பசி தீர்ந்ததென்று மகிழ்வது அன்பு. தன் கையால் உண்டதென்று மகிழ்வது பற்று. தாய் ஊட்டியபோதும் அதே மகிழ்ச்சி எழுமாயின் அங்கு நின்றது அன்பே. எழாதாயின் அங்கு நின்றது "எனது" என்னும் செருக்கு. யான், எனது என்னும் இவ்விரண்டுமே ஆணவத்தின் தொழில். செயலைத் துறத்தலால் இவை துறக்கப்படா. பணியாகச் செய்தலாலேயே தேய்வன. சரியை நெறியில் திருவலகிடுதலும், திருமெழுக்கிடுதலும், பூக்கொய்தலும், விளக்கிடுதலும் இதன்பொருட்டே விதிக்கப்பட்டன. அவை உடலால் எளிய செயல்கள். ஆயினும் "யான் செய்தேன்" என்பது தோன்றாது செய்யப் பயிலுங்கால் மலம் பரிபாகமுறும்.

இன்னும் நுணுகி நோக்கின், மக்கட்பற்று முழுதும் தீயதெனக் கூறவும் இடமில்லை. திரோதான சத்தி இறைவன் அருளேயாயினும், பாசங்களைச் செலுத்தி நிற்றலின் அதனையும் உபசாரமாக மலமென்று நம் ஆசிரியர் கூறினர். மறைத்து நிற்கும் அவ்வருளே உயிரை உலகியலிற் செலுத்தி முதிர்விக்கின்றது. தன் வயிற்றுக்கன்றி வேறொன்றுக்கும் கவலாத இளைஞன், தந்தையானவுடன் நள்ளிரவில் எழுந்து மகவை ஏந்துகின்றான். தன்னலம் என்னும் கட்டு அங்கே சிறிது நெகிழ்கின்றது. அந்நெகிழ்ச்சி மகவளவில் நின்றுவிடின் பற்றாய் முடியும். மகவிலிருந்து பிற உயிர்களுக்கும், உயிர்களிலிருந்து அவற்றுள் நிற்கும் இறைவனுக்கும் விரியின் அன்பாய் முதிரும். ஆதலின் மகவன்பு படி. அதுவே மாடம் அன்று.

இக்கருத்துக்கு ஒற்றியூரே சான்றாகின்றது. திருவெண்காடர் என்னும் பட்டினத்தடிகள் வரலாற்றைக் கர்ணபரம்பரையாகக் கேட்டறியாதார் இல்லை. மருதவாணர் என்னும் வளர்ப்பு மகனாக இறைவனே அவர் மனையில் தங்கி, காதற்ற ஊசியை வைத்து மறைந்தார் என்பது அவ்வரலாறு. மகன் என்பான் சிலகாலம் மனையில் தங்கிச் செல்லும் விருந்தே என்பதனை அவர் அன்று உணர்ந்தார், அனைத்தையும் துறந்தார். துறந்த அவர் இறுதியில் ஒற்றியூர்க் கடற்கரையிலே என் செய்தார்? அங்குள்ள சிறுவர்களோடு மணலில் ஒளிந்து விளையாடினார் என்றும், அவ்விளையாட்டிடையே இலிங்க வடிவாயினார் என்றும் மரபுரை கூறும். அவர் சமாதி இன்றும் அக்கடற்கரையை அடுத்து வழிபடப்படுகின்றது. மகனைப் பிரிந்து துறவு பூண்டவர்க்கு மகாரோடு ஆடல் தடையாயிற்றில்லை. அச்சிறுவருள் ஒருவனும் "எனது" என்று அவர் கூறத்தக்கவன் அல்லன், அதுவே வேறுபாடு. தம் பேரனோடு அங்ஙனம் ஆடக் கற்ற பாட்டனுக்கு அவ்வாட்டமும் சாதனமாம்.

இனி, மேற்கூறியவற்றை மனைக்கண் பொருத்திக் காட்டுதும்.

முதலாவது, வகுத்தல். கோட்புலியார் வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது வாள் அன்று. வகுத்து உணர்த்திய செயலேயாம். பூசைக்கென்று ஒரு பொழுதும், மாகேசுர பூசைக்கென்று ஒரு பொருளும் மக்கள் வருமுன்னரே வகுத்து, வந்த அன்றே அவர்க்கு இன்சொல்லால் உணர்த்துதல் வேண்டும். பூசையை மகவு துயிலெழுமுன் வைகறையில் முடித்துக்கோடல் இயலும். மாலையில் நீண்ட பாராயணஞ் செய்வோர் அதனைச் சுருக்கி, எஞ்சியதை மனத்தாற் செய்யலாம். பூசைக்குரிய பொருள்களை மகவின் கைக்கெட்டா உயரத்தில் வைத்தல் மகவுக்கும் காப்பு, பூசைக்கும் காப்பு. மக்கள் வரவால் செலவு மிகுந்ததென்று அடியார்க்குரிய பங்கைக் குறைத்தல் தகாது. தம் உணவிற் குறைத்துக்கொள்க. கலிய நாயனார் ஒற்றியூரில் விளக்கெரிக்கப் பொருளற்றபோது, செக்காட்டக் கூலிக்குச் சென்றார், மனையையும் விற்றார், இறுதியில் தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்தார். குறை நேர்ந்தபோது அவர் விளக்கைக் குறைத்தாரல்லர், தம்மையே குறைத்துக்கொண்டார்.

இரண்டாவது, நெகிழ்தல். மகவு காய்ச்சலுற்று, ஏந்துவார் வேறில்லாப் பொழுதில் பூசைக்குரிய காலம் வருமாயின் என் செய்வது? மகவை அழவிட்டுப் பூசையில் அமர்வோன் உள்ளம் எங்கே நிற்கும்? செவி அழுகையிலும் கை மலரிலும் நிற்ப, நெஞ்சம் சினத்தில் நிற்கும். முதலில் மகவின் துயர் களைக. பின்னர் நீராடிப் பூசை செய்க. அதுவரை உண்ணாதிருத்தலால் நியமமும் காக்கப்படும். பசித்திருத்தல் நம்பால் அமைந்தது. மகவின் துயர் நம் நியமத்துக்கு விலையாகலாகாது. ஆயின் மகவு துயிலும்போதும், தாயின் கையில் மகிழ்ந்திருக்கும்போதும், அதன் முகம் பார்த்திருத்தலே இனிதென்று பூசையைக் கைவிடுவோன், மகவின்பொருட்டுக் கைவிட்டானல்லன். தன் இன்பத்தின்பொருட்டே கைவிட்டான். இவ்விரண்டன் வேறுபாட்டை அவனவன் நெஞ்சே அறியும்.

மூன்றாவது, சேர்த்தல். பூசைக்கு இடையூறாக மட்டும் மகவைக் கருதற்க. அதன் கையில் ஒரு மலர் கொடுத்துத் திருவடியில் இடச் செய்க. நெற்றியில் நீறிட்டு ஐந்தெழுத்தைச் செவியிற் படுமாறு ஓதுக. சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரம், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரச குமாரனை உவமை காட்டும். அக்குமாரனுக்கு அவன் தந்தையே வந்து உண்மை உணர்த்தல் போல, உயிர்க்கு இறைவனே குருவாய் உணர்த்துவன். வேற்று நாட்டில், வேற்று மொழியிடை வளரவிருக்கும் மகவுக்கு, இரு திங்கள் கேட்ட ஐந்தெழுத்து எந்நாள் எங்ஙனம் பயன்படும் என்பதை நாம் அறியோம். பயன் தருதல் இறைவன் செயல். வித்திடுதல் மாத்திரமே பாட்டன் செயல். அதனையும் மகவின் பெற்றோர் இசைவோடு செய்தல் முறை.

நான்காவது, விட்டுக்கொடுத்தல். முதியோர் பலரும் இடறுமிடம் இதுவே. "நாங்கள் பிள்ளைகளை வளர்க்கவில்லையா?" என்னும் சொல் எம்மனையில் எழாதொழிந்தது? மகவுக்கு ஊட்டுவது, உறங்கவைப்பது, மருந்திடுவது ஆகிய அனைத்திலும் பாட்டியின் கையே மேற்படல் வேண்டுமென்னும் விருப்பம் அன்பின் வடிவில் வரும் ஆணவம். அம்மகவின் உடலை இறைவன் ஒப்புவித்தது அதன் தாய்தந்தையர்பால், நம்பால் அன்று. இப்பகுதியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவிற்று. அத்திங்களின் இறுதியிலேயே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் மனைவிட்டு ஓடினர். அனல்மின் நிலையச் சாம்பலோ இப்பகுதியார் நாள்தோறும் அறிந்தது. இவற்றைக் கேள்வியுற்ற மருமகள், "மகவுக்கு இருமல் வருகிறது, இம்முறை இருபது நாளில் மீள்வோம்" எனின், அது தம் மனையை இகழ்ந்ததாக முதியோர் கொள்ளலாகாது. நாற்பதாண்டு இக்காற்றிலே வாழ்ந்தேம் என்பது நம் பொறைக்குச் சான்றாகலாம். ஒன்றரை ஆண்டு மகவின் நெஞ்சகத்துக்கு அது சான்றாகாது. மகவைக் காக்கும் கடன் உடையார் கூறுஞ் சொல்லை ஏற்றலே, மகவின்பால் நாம் செய்யும் பணியாம்.

மக்கட்கும் ஈண்டுக் கடன் உண்டு. மணமான மகன் பெற்றோர் மனைக்கு வந்தவுடன் சிறுவனாகிவிடுதல் தகாது. முதிய தாய் வைகறையில் எழுந்து பூசையும், பின் அடுக்களையும், பின் மகவின் துணியும் என உழைப்ப, தான் கைப்பேசி நோக்கிக் கிடத்தல் அவளுடைய நியமத்தைத் தான் உண்பதேயாம். பெற்றோர் பூசைக்கு அமரும் பொழுதில் மகவை ஏந்திப் புறஞ்செல்லுதல் ஒன்றைச் செய்வானாயின், அப்பூசையில் அவனுக்கும் பங்குண்டு.

இறுதியாக, பிரிவு. முதியோர்க்கு இதுவே கடுந்துன்பம். இங்கேதான் பற்றும் அன்பும் வெளிப்படையாகப் பிரிவன. சிலர் பிரிவைத் தடுக்கச் சூளுறவு கேட்கின்றனர்: "அடுத்த ஆண்டு வருவேனென்று சத்தியம் செய், என் இறுதிக்காலத்தில் உடனிருப்பேனென்று சொல்." ஒற்றியூரில் மகிழ மரத்தடியில் நிகழ்ந்ததனை அவர் நினைவிற் கொள்க. சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுற்ற நம்பியாரூரர், ஆரூர் வசந்த விழாவின் நினைவு எழுந்தபோது ஒற்றியூரெல்லை கடந்தார், கண்ணொளி இழந்தார். ஆண்டுதோறும் மாசி விழாவில் மகிழடி சேவையாக அந்நிகழ்ச்சி கொண்டாடப்படுகின்றது. அத்தகைய பெருமானாராலும் காத்தற்கரியதாயின சூளை, பணியாலும் விடுமுறையாலும் கட்டுண்ட மக்கள்பால் கேட்டல், அவரைப் பிழைக்கு ஆளாக்குவதே. சங்கிலியாரைப் பெற்ற ஞாயிறு கிழாரோ, தம் மகள் உள்ளம் இறைபணியிற் சென்றதறிந்து, ஒற்றியூரில் கன்னிமாடம் சமைத்து, வேண்டுவன அமைத்து, அவரை அங்கே விட்டுத் தம் ஊர்க்கு மீண்டார். மகளின் வழி மகளுடையது என்று கண்ட பெற்றோர் அவர்.

ஆதிபுரீசர் ஆண்டு முழுதும் கவசத்துள் மறைந்திருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்களே கவசமின்றிக் காட்சி தருகின்றார். எஞ்சிய நாள்களில் அங்கு வழிபாடு குறைந்ததில்லை. மறைந்திருப்பவர் இல்லாதவராகார் என்பதனை அடியார் அறிவர். மக்கள் சென்றபின் ஒழிந்த அறையை நோக்கி வருந்தும் முதியோர்க்கு இஃது ஓர் உறுதி. கண்ட நாள்களில் அன்பு செய்க. காணா நாள்களில் அவ்வன்பை அண்டை வீட்டு மகவுக்கும், தெருவில் பசித்து நிற்கும் மகவுக்கும் செலுத்துக. அவ்வாறு செலுத்த இயலுமாயின், இரு திங்களும் இல்லத்தில் நிகழ்ந்தது சிவபுண்ணியமே. இயலாதாயின், வைகறைப் பூசையில் அக்குறையையே திருவடியில் விண்ணப்பித்து நிற்க. பற்றை அறுப்பவனும் அவனே, அன்பை அளிப்பவனும் அவனே.

ஆதலின், மனைக்கு வந்த மக்கள் விருந்தாகவும் உளர், சுற்றமாகவும் உளர். வருதலாலும் செல்லுதலாலும் விருந்து. கன்மத் தொடர்பால் நம்மிடை வைக்கப்பட்டமையால் சுற்றம். விருந்தென்று கொண்டு உபசரிக்க; சுற்றமென்று கொண்டு பொறுக்க; உடைமையென்று மட்டும் கொள்ளற்க. உடையான் ஒருவனே, ஏனையோம் அனைவரும் அவன் மனையில் சிலகாலம் தங்கிச் செல்லும் மக்களே என்பது நம் துணிபு.

சிவம்.